நீர்க்குறி கூறும் வரலாறு

முத்திரை சேர்ப்பது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்றும், மீசை அரும்பியதும் அதனைக் கைவிட்டுவிட வேண்டும் என்றும் எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். இளமையில் வாசிகசாலை விறாந்தையில் இருந்து முத்திரை மாற்றியவர்களுள் நானும் ஒருவன். அந்நாளில் எங்கள் கணக்கு மிக எளிது. ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை கொண்ட இரண்டு முத்திரைகள் கையில் இருந்தால் அவற்றில் ஒன்று 'டபிள்'. டபிளைக் கொடுத்துவிட்டு இல்லாததை வாங்குவோம். இவ்வாறு நான் கைமாற்றியவற்றுள் எத்தனை உண்மையில் டபிள் அல்ல என்பது நாற்பது வயதுக்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. முன்பக்கத்தை மட்டும் பார்த்தவனுக்கு முதுகுப்பக்கம் தெரியாமற் போனதுதான் காரணம்.

முத்திரையை ஒட்டுப்பசை இல்லாமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சிலவற்றில் கிரீடமோ, நட்சத்திரமோ, எழுத்தோ மங்கலாகத் தெரியும். இதனையே நீர்க்குறி என்பர். பெயர் நீர்க்குறியாயினும் நீரால் எழுதுவதன்று, மையால் அச்சிடுவதுமன்று. கடதாசி கூழாக இருந்து தாளாக உறையும் வேளையில், கம்பியால் வளைத்த உருவம் ஒன்று அந்த ஈரக் கூழில் படிகிறது. கம்பி பட்ட இடத்தில் கூழ் சற்று மெலிகிறது. தாள் உலர்ந்தபின் மெலிந்த இடத்தால் வெளிச்சம் கூடுதலாகப் புகும். அவ்வளவுதான் சூத்திரம். கையாற் கடதாசி செய்த காலத்தில் இந்தக் கம்பியுருவைச் சல்லடை அச்சின்மேல் தைத்தனர். இயந்திரம் வந்தபின் கம்பியுருக்கள் பொருத்திய உருளையொன்று ஈரத்தாளின்மேல் உருண்டு சென்று குறியைப் பதித்தது.

இக்கலை முத்திரையிலும் மிகப் பழையது. இத்தாலி தேசத்துப் பப்பிரியானோ நகரத்துக் கடதாசிக்காரர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் தாளுக்கு நீர்க்குறி இட்டனர். அவர்களுக்கு அது தொழில் அடையாளம். ஆங்கிலேய அரசாங்கத்துக்கோ அது காவல். 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகின் முதலாவது ஒட்டு முத்திரையாகிய ஒரு பென்னிக் கறுப்பு வெளிவந்தபோது, கள்ள முத்திரை அடிப்பார்களே என்ற அச்சம் திறைசேரியாரை வாட்டியது. ஆகவே படத்தை நுணுக்கமாகச் செதுக்குவித்ததோடு நில்லாமல், கடதாசிக்குள்ளும் ஒரு சிறு கிரீடத்தை ஒளித்துவைத்தனர். ஒரு தாளில் 240 முத்திரை. ஆதலின் ஒரு தாளில் 240 கிரீடம். படத்தைப் பார்த்துச் செதுக்கக்கூடிய கள்வனுக்குக் கடதாசி ஆலை வேண்டுமே! 1855இல் சிறு கிரீடம் போய்ப் பெரிய கிரீடம் வந்தது. அப்போது பென்னி முத்திரை சிவப்பு நிறம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சிவப்புப் பென்னிகளில் எது முந்தியது எனக் கேட்டால், முதலில் முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் முதலாவது முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆம் திகதி வெளிவந்த ஆறு பென்ஸ். லண்டனில் பேர்க்கின்ஸ் பேக்கன் என்னும் கம்பனியார் அச்சிட்டது. அதே ஆண்டில் ஒரு பென்னி நீல முத்திரையும் வந்தது. விக்டோறியா மகாராணியாரின் தலை நீள்வட்டத்துள் அமைந்த இந்த ஒரு பென்னியை எடுத்துக்கொண்டாற் போதும். நீர்க்குறி என்றால் என்ன என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. ஏனெனில் அது ஒரு முகமுடைய நான்கு சகோதரர்.

மூத்தது 1857இல் பிறந்தது. முதுகில் நட்சத்திரக் குறி. ஓரத்தில் துளைவரிசை இல்லை, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். அடுத்தது 1861இல் வந்தது. அதே நட்சத்திரம், ஆனால் ஓரத்தில் பற்கள் உண்டு. மூன்றாவது 1862இல் வந்தது. பற்கள் உண்டு, நீர்க்குறி மட்டும் இல்லை. நான்காவது 1863 முதல் வந்தது. அதன் முதுகில் கிரீடமும் அதன்கீழ் சி.சி. என்ற இரண்டு ஆங்கில எழுத்தும். முகத்தைச் செதுக்கிய தட்டு நான்குக்கும் ஒன்றே. நீலத்தின் சாயல் கூடக் குறைய இருக்கும். வெயிலிலும் புகையிலும் கிடந்த நூற்றைம்பது வருட நீலத்தை நம்பி யாரும் வழக்குத் தீர்க்க முடியாது.

நட்சத்திரம் ஏன் மறைந்தது? வெற்றுக்கடதாசி ஏன் வந்தது? சி.சி. எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், கடதாசிக்குப் பின்னால் ஓர் உத்தியோகச் சண்டை வெளிப்படுகிறது.

குடியேற்ற நாடுகளுக்காக லண்டனில் இருந்து கொள்வனவு செய்தவர்கள் முடிக்குரிய முகவர்கள். முத்திரை அச்சிடும் வேலையை அவர்களே பேர்க்கின்ஸ் பேக்கனுக்குக் கொடுத்திருந்தனர். 1861இல், தபாற் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற றோலண்ட் ஹில் அவர்களின் உறவினரான ஓமண்ட் ஹில் என்பவர், முத்திரை சேர்க்கும் நண்பர் சிலருக்காகப் பல நாட்டு முத்திரைகளில் ஒவ்வொன்றிலும் சில பிரதி கேட்டார். கம்பனியாரும் கேட்டவர் பெரிய இடத்தவர் என்று, 'இரத்துச் செய்யப்பட்டது' என முத்திரை குத்திக் கொடுத்துவிட்டனர். முகவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இதனை அறிந்த முகவர் பென்றோஸ் ஜூலியன் கொதித்தெழுந்தார். ஒரு நாட்டின் முத்திரை என்பது அந்நாட்டின் பணம் போன்றது. அச்சிட்டவன் தன் விருப்பப்படி எடுத்து நண்பருக்குக் கொடுப்பதா என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். முடிவில் வேலை பேர்க்கின்ஸ் பேக்கன் கையை விட்டு டி லா றூ கம்பனிக்குப் போயிற்று. செதுக்கிய தட்டுகளும் கூடவே போயின.

இப்போது அந்த நான்கு பென்னிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் பழைய கம்பனியின் நல்ல காலம். குறியில்லாத மூன்றாவது வேலை கைமாறிய காலத்தது. நான்காவது, பழைய தட்டும் புதிய கம்பனியின் கடதாசியும் சேர்ந்த கலப்பு மணம். அந்தக் கடதாசி டி லா றூவின் சொந்தத் தட்டுகளுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதனாற் பழைய தட்டில் அச்சிட்டபோது கிரீடம் முத்திரையின் நடுவில் வந்து இருக்கவில்லை. சிலவற்றில் கிரீடத்தின் ஒரு மூலையும் ஓர் எழுத்தின் காலுமே தெரியும். இதைக் கண்டு 'குறியில்லை' என்று சொல்லிக் கூடிய விலைக்கு விற்பாரும் உண்டு. ஒரு முறை நானும் அப்படி ஏமாந்தேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். துளைவரிசையின் அளவையும் பார்த்திருந்தால் ஏமாந்திரேன். குறி தெரியவில்லை என்பதும் குறி இல்லை என்பதும் வெவ்வேறு என்ற பாடத்துக்கு நான் கொடுத்த கட்டணம் அது.

சி.சி. என்பது 'முடிக்குரிய குடியேற்ற நாடுகள்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். அந்தக் கடதாசி இலங்கைக்கு மட்டும் உரியதன்று; பல நாடுகளுக்கும் பொதுவானது. 1882 அளவில் சி.சி. போய் சி.ஏ. வந்தது, ஏ என்பது முகவர்களைக் குறிக்கும். எமது நாட்டில் 1872இல் பென்ஸ் கணக்குப் போய் உரூபாவும் சதமும் வந்தன. அப்போது வந்த இரண்டு சதக் கபில முத்திரை முதலில் சி.சி. தாளிலும் பின்பு சி.ஏ. தாளிலும் அச்சாயிற்று. முகம் ஒன்றுதான். இந்த இரண்டாவது எழுத்தை விரலளவு கூட இல்லாத தாளில் தேடிப் பிடிப்பதற்கு நல்ல கண் வேண்டும், அல்லது நல்ல பொறுமை வேண்டும். கண் எனக்குப் போய்விட்டது.

அதன்பின் 1904இல் பெரிய மாற்றம். அதுவரை ஒரு முத்திரைக்கு ஒரு கிரீடம் என்று அளவாக வைத்தனர். இனிமேல் தாள் முழுவதும் கிரீடமும் சி.ஏ.வும் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப வரும்படி செய்தனர். தாளை எப்படி வைத்து அடித்தாலும், முத்திரை எவ்வளவு பெரிதானாலும், எங்காவது ஒரு குறி விழுந்தே தீரும். இலங்கையில் ஏழாம் எட்வேட் மன்னரின் முத்திரைகள் 1903இல் தனிக்குறியோடும் 1904 தொடக்கம் பலகுறியோடும் வந்தன. 1921இல் அச்செழுத்துப் போலிருந்த சி.ஏ. கையெழுத்துப் போல வளைந்தது. எமது நாட்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரைகள் இந்த இரு வகையிலும் உண்டு. 1957இல் மறுபடியும் நேரெழுத்து வந்து, கிரீடமும் வேறு கிரீடமாயிற்று. பிரித்தானியாவோ 1967இல் புதிய முத்திரை வரிசையை வெளியிட்டபோது நீர்க்குறியையே விட்டுவிட்டது.

இந்தியாவின் கதையும் இப்படித்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1854இல் கல்கத்தாவில் அச்சான முதல் முத்திரைகளின் தாளில் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினை தாள் முழுவதும் பரந்து கிடந்தது. ஒவ்வொரு முத்திரைக்கும் அதில் ஒரு துண்டே கிடைத்தது. 1865இல் யானைத்தலை வந்தது. 1880களில் நட்சத்திரம், 1926இல் நாசிக் அச்சகத்து முத்திரைகளில் பல நட்சத்திரம். யானைத்தலையைப் போல அழகான நீர்க்குறி வேறில்லை என்பது என் எண்ணம்.

கம்பி கழன்றால் என்னாகும் என்று ஒரு தம்பி கேட்டார். கழன்றிருக்கிறது. பிரித்தானிய முத்திரைத் தாள் ஒன்றில் இரண்டு ரோசாப்பூ, ஒரு முட்செடி, ஒரு மூவிலை என நான்கு மலர்க்குறி இருக்க வேண்டும். முட்செடி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தொழிலாளி இன்னொரு ரோசாவைப் பொருத்திவிட்டான். மூன்று ரோசாவும் ஒரு மூவிலையும் உள்ள அந்தப் பிழை முத்திரையை இன்று தேடி அலைகின்றனர். 1950 அளவில் வளைந்த எழுத்துத் தாளின் உருளையிலும் ஒரு கிரீடம் விழுந்துவிட்டது. சிலகாலம் அந்த இடம் வெறுமையாகவே ஓடியது. பின்பு திருத்தியவர் வேறு மாதிரிக் கிரீடமொன்றை வைத்துத் திருத்தினார். அந்த வெறுமையும், அந்த மாற்றுக் கிரீடமும் பட்டியல்களில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன.

நீர்க்குறியைப் பார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது முதல் வழி. அதிற் புலப்படாவிட்டால் கறுப்பான இடத்தில் முத்திரையை முகங்குப்புற வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் ஒரு துளி பென்சீன் விட வேண்டும். திரவம் ஊறியதும் தாள் கண்ணாடி போலாகி, மெலிந்த இடம் கறுப்பாகத் தோன்றும். அரை நிமிடத்தில் உலர்ந்துவிடும். கடையில் இதற்கென்று கறுப்புத் தட்டு விற்கிறார்கள். எனக்கு இன்றும் உடைந்த சிலேற்றுத் துண்டுதான். முதுகுப்பக்கத்தால் பார்க்கும்போது எழுத்து இடம் வலமாக மாறித் தோன்றுவதே முறை; அதைக் கண்டு அபூர்வம் என்று துள்ள வேண்டாம். மஞ்சளும் செம்மஞ்சளுமான முத்திரைகளில் குறி பார்ப்பது கடினம். சுண்ணப் பூச்சுள்ள தாளில் இன்னும் கடினம்.

இளைஞர்களுக்கு மூன்று எச்சரிக்கை. விளக்குக்கோ அடுப்புக்கோ கிட்ட பென்சீன் போத்தலைத் திறக்கலாகாது. மண்ணெண்ணெய் பாவிக்கலாகாது, அது கறையை விட்டுச் செல்லும். பழைய ஊதா, பச்சை முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைக்கலாகாது. பாவித்த முத்திரையைக் கழுவி மீண்டும் பாவிப்பதைத் தடுக்க டி லா றூ கம்பனியார் நீரிற் கரையும் மையையே அவற்றுக்குப் பாவித்தனர். கள்வனுக்கு வைத்த பொறியில் இன்று அகப்படுவோர் சேகரிப்போரே. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. ஒரு துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய காலம். அந்தத் துளியை முத்திரைக்கு விட்டால் வீட்டில் யார் பொறுப்பார்கள்? அந்த ஆண்டுகளில் நான் சிலேற்றை எடுக்கவேயில்லை. 1995 இடப்பெயர்வில் அல்பங்களும் போயின. என்னிடம் மிஞ்சியது கடித உறைகள் அடங்கிய ஒரு பிஸ்கற் தகரம் மட்டுமே. உறையோடு கிடந்தவற்றை நான் என்றும் பெரிதாக மதித்ததில்லை. மிஞ்சியதோ அதுதான்.

அந்தத் தகரத்தில் இருந்த ஒரு உறையைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

என் பாட்டனாரின் தமையனார், யாழ்ப்பாணத்தவர் பலரைப் போல, இளமையிலேயே மலாயா சென்று புகையிரதப் பகுதியில் இலிகிதராக இருந்தவர். அவர் போகுமுன் பாட்டனாருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துச் சென்றார். 1921இல் அந்தத் தத்துவத்தைக் கொண்டு பாட்டனார் ஒரு காணியைத் தங்கை பெயருக்கு உறுதி முடித்தார். அதில் தமையனாரின் பங்கும் அடக்கம். தமையனாருக்குத் தெரியாமலே பங்கு போய்விட்டது, தம்பி செய்த மோசடி இது என்று மலாயாவில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்தபின் பேசலாயினர். என் தகப்பனார் காலம் முழுவதும் இரு வீட்டாருக்கும் நன்மை தீமை இல்லை. காணி இன்று எவருக்கும் பயனில்லை. பேச்சு மட்டும் நின்றுபோகவில்லை.

உறைக்குள் தமையனார் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. 'தங்கச்சியின் காணியில் கிணறு வெட்டியாயிற்றா? செலவில் என் பங்கை அடுத்த மாதம் அனுப்புவேன்' என்று அதில் ஒரு வரி. திகதி இல்லை. அவர்கள் கட்சி யாதெனில், இக்கடிதம் உறுதிக்கு முந்தியது. தங்கைக்குச் சீதனமாகக் கிடைத்த வேறு காணியைப் பற்றியது என்பதாகும். தபாற் கந்தோர் முத்திரையில் தெலுக் அன்சன் என்னும் ஊர்ப்பெயர் வாசிக்கலாம். ஆண்டு மை கலைந்து கிடந்தது.

ஒட்டியிருந்ததோ மலாய்க் கூட்டு நாடுகளின் பாயும் புலி, பத்துச் சத நீலம். இந்தப் புலி 1900இல் தனிக்குறித் தாளிலும், 1904 முதல் பலகுறித் தாளிலும், 1922 முதல் வளைந்த எழுத்துத் தாளிலும் அச்சானது. உறையில் ஒட்டிய முத்திரையின் நீர்க்குறியைப் பார்ப்பது சிரமம்; கழற்றினாலோ உறையின் சாட்சியம் கெட்டுவிடும். பல நாள் யோசித்தேன். கறையான் மண்ணும் ஈரமும் பட்டு முத்திரையின் கீழ்ப்பாதிப் பசை தானே விட்டிருந்தது. அந்த இடைவெளியில் கறுப்புத் தாளொன்றைச் செருகி, ஒரு துளி விட்டேன். பாதி முத்திரையானாலும் பலகுறித் தாளல்லவா. பழைய தனிக்குறியாக இருந்திருந்தால் அந்தப் பாதியில் ஒன்றும் அகப்படாமற் போயிருக்கலாம். ஒரு கிரீடத்தின் பாதியும், அதன் பக்கத்தில் வளைந்தெழுதிய ஏ எழுத்தும் துலக்கமாகத் தெரிந்தன. சந்தேகத்துக்கு மேலும் இரண்டு முறை பார்த்தேன்.

இதில் அவசரப்படவும் கூடாது. நேரெழுத்துக் குறி தெரிந்திருந்தால் எதுவும் நிரூபணமாகாது. பழைய முத்திரையைப் பிற்காலத்திலும் ஒட்டலாமன்றோ? வளைந்தெழுத்து அப்படியன்று. 1922க்கு முன் இல்லாத முத்திரையை 1922க்கு முன் யாரும் ஒட்டியிருக்க இயலாது. உறையும் கடிதமும் ஒன்றுக்கொன்று உரியனவா என்றும் பார்த்தேன். மடிப்பு ஒத்தது, மை ஒத்தது, உறையைத் துளைத்த புழு கடிதத்தையும் அதே இடத்திலே துளைத்திருந்தது. பின்பு காணிக் கந்தோரில் தேடுவித்ததில் தங்கையின் சீதனக் காணி 1919இலேயே விற்கப்பட்டமை தெரியவந்தது. ஆகவே 1922க்குப் பின் அவர் 'தங்கச்சியின் காணி' என்று எழுதியது அந்த 1921 காணியையே. கிணற்றுச் செலவுக்குப் பணம் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார்.

தமையனாரின் பேத்தியார் ஈப்போவில் இருந்து ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தபோது, அவரை வீட்டுக்கு அழைத்துச் சிலேற்றையும் பூதக்கண்ணாடியையும் முன்னால் வைத்தேன். மறுபடியும் ஒரு துளி விட்டேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப, அப்புவுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது, மச்சான்" என்றார்.

"கிணத்துக்குக் காசு அனுப்பினவருக்குத் தெரியாமல் இருக்குமே, மச்சாள்?"

அவர் மறுமொழி சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தபின், அந்தக் கிணற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார். பின்னேரம் கூட்டிச் சென்றேன். கிணறு தூர்ந்து, ஆடுதோடையும் நாயுருவியும் மூடிக் கிடந்தது. புறப்படும்போது கடிதத்தைத் தன்னிடம் தரும்படி கேட்டார். உறையையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.